பாக்டீரியாவின் ஏற்பிகள் சிதறிக் கிடப்பவை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் இணைப்பில், பாக்டீரியா உணவைத் தேடிச் செல்லும் விதம் பற்றி வந்த கட்டுரை எளிமையாகவும் பெரும்பாலும் சரியாகவும் இருந்தது. உடன் வந்த படத்தில்தான் பிழை. இ.கோலை பாக்டீரியாவின் மேற்பரப்பு முழுக்க, சம இடைவெளியில், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சின்னக் குச்சிகளாக ஏற்பிகளை, அதாவது வேதிப்பொருள்களை உணரும் புரதங்களை, வரைந்திருந்தார்கள். இதே மாதிரிப் படம் இணையத்தில் நிறையக் கிடைப்பதால் ஓவியரைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அந்தப் படத்தை நம்பிவிட்டால், கட்டுரை வியந்து எழுதிய அந்த நுண்ணிய உணர்திறன் எங்கிருந்து வருகிறது என்பது விளங்கவே விளங்காது. ஏற்பிகள் எங்கே இருக்கின்றன, எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் அந்தக் குச்சிகள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்ப்போம். இ.கோலைக்குச் சவ்வு இரண்டு. ஏற்பிகள் இருப்பது உட்சவ்வில். அவற்றின் உணரும் முனை, இரண்டு சவ்வுகளுக்கும் நடுவே உள்ள குறுகலான இடைவெளியில் இருக்கிறது. வெளியே கரைந்திருக்கும் அமினோ அமிலமோ சர்க்கரையோ, வெளிச்சவ்வில் உள்ள போரின் என்னும் துளைப் புரதங்களின் வழியாக உள்ளே வந்த பிறகுதான் ஏற்பியைத் தொட முடியும். மேலும், ஏற்பியின் பெரும்பகுதி இருப்பது செல்லுக்குள்ளே. சவ்விலிருந்து உள்நோக்கிச் சுமார் 25 நானோமீட்டர் நீளத்துக்கு அது ஒடுங்கிய தண்டாக இறங்குகிறது. செல்லுக்கு வெளியே எட்டிப் பார்க்கும் பகுதி என்று அதற்கு எதுவும் கிடையாது.

இ.கோலையில் ஏற்பி ஐந்து வகை. டி.எஸ்.ஆர் செரினை உணர்கிறது. டார் ஆஸ்பார்ட்டேட்டை நேரடியாகவும், மால்டோஸை அதன் பிணைப்புப் புரதத்தின் துணையோடும் உணர்கிறது. டி.ஆர்.ஜி ரைபோஸ், காலக்டோஸ் ஆகியவற்றுக்கு, டாப் டைபெப்டைடுகளுக்கு. ஐந்தாவதான ஏர், ஆக்சிஜன் நிலையைச் செல்லுக்குள்ளிருந்தபடியே அறிகிறது. எண்ணிக்கையில் டி.எஸ்.ஆரும் டாரும்தான் மிகப் பெரும்பான்மை. மற்றவை அவற்றின் நடுவே கலந்து கிடக்கின்றன. இந்தச் சிறுபான்மை எப்படிப் பிழைக்கிறது என்பது சுவையான கதை, பின்னால் வருகிறது.

இனி இருப்பிடம். 1993-ல் ஜேனின் மேடாக், லூசி ஷப்பிரோ இருவரும் தங்கத் துகள் ஒட்டிய எதிர்ப்புரதங்களைக் கொண்டு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஏற்பிகள் பெரும்பாலும் செல்லின் துருவங்களில், அதாவது இரு முனைகளில், திரண்டிருப்பது தெரிந்தது. அப்போது இது எதிர்பாராத செய்தி. காரணம், 1977-ல் ஹோவர்ட் பெர்க், எட்வர்ட் பர்செல் இருவரும் போட்ட கணக்கு. வந்து மோதும் மூலக்கூறுகளைப் பிடிப்பதற்கு ஏற்பிகளைப் பரப்பி வைப்பதே சிறந்த வழி என்று அந்தக் கணக்கு காட்டியது. 1 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள கோளத்தில் 1 நானோமீட்டர் ஆரமுள்ள ஏற்பிகளைச் சுமார் 3,000 மட்டும் தூவினால் போதும், பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மறையாது; ஆனாலும் கோளம் முழுவதும் ஏற்பியாக இருந்தால் கிடைக்கக்கூடியதில் பாதி வந்து சேரும். அதே கணக்கை வைத்து எதிர்ப்பக்கத்தையும் பார்க்கலாம்: எல்லாவற்றையும் 250 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரே திட்டில் குவித்தால், அதிகபட்ச வரவில் சுமார் 4 விழுக்காடுதான் மிஞ்சும். பிடிப்பதற்கு இவ்வளவு மோசமான ஏற்பாட்டைச் செல் ஏன் வைத்துக்கொண்டிருக்கிறது?

பிடிப்பது மட்டுமே அதன் வேலை இல்லை என்பதுதான் பதில். பிடித்ததைப் பெருக்க வேண்டும். 1998-ல் டென்னிஸ் பிரேயும் உடன் பணியாற்றியவர்களும் முன்வைத்த கருத்து இது: பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஏற்பிகள் ஒன்றின் நிலையை இன்னொன்று பற்றிக்கொண்டால், ஒரு மூலக்கூறு ஒட்டினால்கூடப் பல ஏற்பிகள் சேர்ந்து நிலை மாறும். விக்டர் சோர்ஜிக்கும் பெர்க்கும் 2002-ல் உயிருள்ள செல்களிலேயே இதை அளந்தார்கள். ஏற்பிகளின் செய்தியைச் செல்லுக்குள் கொண்டுபோகும் கீ-ஒய் புரதத்தில் மஞ்சள் ஒளிர்புரதத்தையும், அந்தச் செய்தியை அழிக்கும் கீ-இசட் புரதத்தில் நீலப்பச்சை ஒளிர்புரதத்தையும் கோத்து, இரண்டும் நெருங்கும்போது ஆற்றல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தப்படும் அளவைக் குறித்தார்கள். ஏற்பியில் மூலக்கூறு அமரும் விகிதம் சிறிது மாறினாலும், ஏற்பிகளோடு இணைந்து அந்தச் செய்தியைத் தொடங்கிவைக்கும் நொதியின் செயல்பாடு அதைப் போல 35 மடங்கு மாறியது. கட்டுரையில் சொன்ன "மிகச் சிறிய அளவையும் உணரும்" என்பதன் பொருள் இதுதான். 10 நானோமோலார் என்றால், ஒரு பாக்டீரியாவின் கன அளவுள்ள நீரில் ஆறேழு மூலக்கூறுகள். அந்த அளவு ஆஸ்பார்ட்டேட்டைக்கூட இ.கோலை கண்டுகொள்கிறது.

அடுக்கு எப்படிக் கட்டப்படுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறோம். படம் வரைபவருக்கு அதுதான் பயன்படும். ஏற்பிப் புரதங்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஓர் இணை ஆகின்றன. அப்படி மூன்று இணைகள், செல்லுக்குள் இருக்கும் தங்கள் நுனிகளை ஒன்றோடொன்று சாய்த்துச் சேர்த்து ஒரு மூவிணை ஆகின்றன. அதாவது ஒரு மூவிணையில் ஆறு புரதச் சங்கிலிகள். டி.எஸ்.ஆரின் உட்பகுதியைப் படிகமாக்கி 1999-ல் வெளியிட்ட அமைப்பில்தான் இந்தச் சேர்க்கை முதலில் தென்பட்டது. இரண்டு மூவிணைகள், அவற்றின் அடியில் கீ-ஏ என்னும் அந்த நொதியின் ஓர் இணை, கூடவே கீ-டபிள்யூ என்னும் இணைப்புப் புரதம் இரண்டு. இவை சேர்ந்ததுதான் வேலை செய்யக்கூடிய மிகச் சிறிய அலகு. தனியாக இருக்கும்போது கீ-ஏ மந்தமானது. இந்த அலகுக்குள் வந்துவிட்டால் நூற்றுக்கணக்கான மடங்கு வேகம் பிடிக்கிறது.

இந்த அலகுகள் பக்கவாட்டில் பின்னிக்கொண்டு விரிப்பாகப் பரவுகின்றன. பின்னுவது ஏற்பிகள் அல்ல, அடித்தளத்தில் இருக்கும் கீ-ஏவும் கீ-டபிள்யூவும். கீ-ஏவின் ஒரு பகுதியும் கீ-டபிள்யூவும் மாறி மாறி, மூன்றுக்கு மூன்றாக நின்று ஆறு உறுப்புள்ள வளையம் ஆகின்றன. ஒரு கீ-ஏ இணை தன் இரண்டு முனைகளையும் பக்கத்துப் பக்கத்து வளையங்களில் கொடுத்து இரண்டையும் கட்டுகிறது. மேலிருந்து பார்த்தால், மூவிணைகள் ஆறாறாக நின்று அமைக்கும் அறுகோணங்களின் மையங்கள் இடுக்குப் புள்ளிக் கோலத்தின் புள்ளிகள் மாதிரி இருக்கும்: ஒரு வரிசையின் புள்ளிகள் அடுத்த வரிசையின் இடைவெளிகளுக்கு நேரே. புள்ளிக்குப் புள்ளி 12 நானோமீட்டர். ஒன்றையொன்று ஒட்டிய மூன்று புள்ளிகளின் நட்டநடுவில் ஒரு மூவிணை நிற்கும். அப்படியானால் மூவிணைக்கு மூவிணை சுமார் 7 நானோமீட்டர். இந்த 12 நானோமீட்டர் இடைவெளி இ.கோலைக்கு மட்டும் உரியதல்ல. ஆரியன் பிரீகல், கிராண்ட் ஜென்சன் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றுக்கொன்று வெகுதூர உறவுள்ள பல இன பாக்டீரியாக்களிலும் இதே அறுகோண அமைப்பும் இதே அளவும் கிடைத்தன.

அளவு சரிதானா என்று யார் வேண்டுமானாலும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு புள்ளிக்கு உரிய பரப்பு சுமார் 125 சதுர நானோமீட்டர். அதற்குள் இரண்டு மூவிணைகள், அதாவது 12 ஏற்பிப் புரதங்கள். 250 நானோமீட்டர் விட்டமுள்ள திட்டில் ஏறத்தாழ 4,700 ஏற்பிப் புரதங்கள் அடங்கும். ஒரு செல்லில் ஏற்பிகள் சில ஆயிரங்களிலிருந்து பத்தாயிரத்துக்கு மேல் வரை இருக்கும், வளர்க்கும் ஊடகத்தைப் பொறுத்து மாறும். ஆகவே ஒரு பெரிய திட்டும் சில சிறிய திட்டுகளும் இருந்தாலே எல்லாம் அதில் அடங்கிவிடும்.

"இவ்வளவு சிறியதை எப்படி உறுதிப்படுத்தினார்கள்" என்று வாசகர்கள் கேட்பார்கள். மூவிணைக்கு ஜான் பார்க்கின்சன் குழு தந்த சான்று மிக நேர்த்தியானது. டி.எஸ்.ஆரில் நுனிப் பகுதிக்கு அருகே, 364-ஆம் இடத்தில் உள்ள செரினை எடுத்துவிட்டு சிஸ்டீனை வைத்தார்கள். மூவிணையாகச் சேர்ந்தால், இணைக்கு ஒன்றாக மூன்று சிஸ்டீன்கள் நடு அச்சுக்கு அருகில் வந்து நிற்கும். டி.எம்.ஈ.ஏ என்ற வேதிப்பொருளுக்கு மூன்று கைகள். ஒவ்வொரு கையும் ஒரு சிஸ்டீனைப் பிடிக்கும். உயிருள்ள செல்களோடு அதைச் சில நொடிகள் மட்டும் கலந்து, உடனே என்-எத்தில்மாலிமைடு சேர்த்து வினையை நிறுத்தி, புரதங்களை அளவு வாரியாகப் பட்டைகளாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினார்கள். ஒற்றைச் சங்கிலியின் பட்டைக்கு மேலே, இரண்டு சங்கிலி கோத்த பட்டையும் மூன்று சங்கிலி கோத்த பட்டையும் வந்தன. டாரிலும் அதே மாதிரி இடத்தில் சிஸ்டீன் வைத்து இரண்டையும் ஒரே செல்லில் வெளிப்படுத்தியபோது, டாரும் டி.எஸ்.ஆரும் கலந்து கோத்த பட்டைகளும் வந்தன. வெவ்வேறு வேதிப்பொருளை உணரும் ஏற்பிகள் ஒரே மூவிணையில் தோளோடு தோள் நிற்கின்றன என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை. வினையை நிறுத்தாமல் விட்டால், தற்செயலாக மோதிக்கொள்ளும் ஏற்பிகளும் மெல்ல மெல்லக் கோத்துக்கொள்ளும், முடிவு பொய்யாகிவிடும். நொடிக்கணக்கு அவ்வளவு கறாராக இருப்பது அதனால்தான்.

இந்த அண்டை வீட்டு உறவினால்தான் முன்னே சொன்ன சிறுபான்மை ஏற்பிகள் பிழைக்கின்றன. செறிவு உயர்ந்து அப்படியே நின்றுவிட்டால், சற்று நேரத்தில் செல் அதற்குப் பழகி, பழைய கவனத்துக்குத் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த உயர்வு தெரியாது. அதற்காகக் கீ-ஆர் என்னும் நொதி ஏற்பியின் தண்டில் குறிப்பிட்ட இடங்களில் மெத்தில் தொகுதிகளைச் சேர்க்கிறது, கீ-பி அவற்றை நீக்குகிறது. டாரிலும் டி.எஸ்.ஆரிலும் வால் நுனியில் ஐந்து அமினோ அமிலம் கொண்ட ஒரு பிடி இருக்கிறது. கீ-ஆர் அதைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யும். டி.ஆர்.ஜிக்கும் டாப்புக்கும் அந்தப் பிடி கிடையாது. பக்கத்தில் நிற்கும் டாரின் பிடியில் தொற்றிக்கொண்டிருக்கும் கீ-ஆர்தான் கை நீட்டி இவற்றுக்கும் மெத்தில் போடுகிறது. தங்கள் படத்தில் உள்ளபடி ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றால், ரைபோஸை நோக்கிய நகர்ச்சி குலைந்துவிடும்.

கட்டுரையிலும் ஒரு வரியைத் திருத்த வேண்டும். "பாக்டீரியா தன் முன்முனையிலும் பின்முனையிலும் உள்ள செறிவை ஒப்பிடுகிறது" என்று இருந்தது. அப்படி இல்லை. ராபர்ட் மேக்னாப், டேனியல் கோஷ்லண்ட் இருவரும் 1972-லேயே சால்மோனெல்லா செல்களை ஒரு செறிவிலிருந்து இன்னொரு செறிவுக்குச் சட்டென மாற்றிக் காட்டினார்கள். மாற்றிய பிறகு கரைசல் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருந்தும், நீந்தும் விதம் சிறிது நேரத்துக்கு மாறியது. செல் ஒப்பிடுவது இப்போதைய செறிவையும் சில நொடிகளுக்கு முந்தைய செறிவையும்தான். ஏற்பிகள் துருவத்தில் இருப்பதால் அதை மூக்கு என்று எண்ணவும் கூடாது. இ.கோலையை நீந்தவைக்கும் வால் போன்ற கசையிழைகள் உடல் முழுக்க இருப்பவை. எந்தத் துருவம் முன்னே இருந்தாலும் அது நீந்தும், திட்டு பின்னால் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. திட்டில் கீ-ஏ பாஸ்பேட் ஏற்றிய கீ-ஒய் பரவிப் போய், கசையிழைகளைச் சுழற்றும் மோட்டார்களைச் சேர்கிறது. மோட்டார் திசை மாறினால் செல் புரண்டு வேறு பக்கம் திரும்புகிறது. ஈர்க்கும் பொருள் ஏற்பியில் ஒட்டினால் கீ-ஏ அடங்கும், புரள்வது குறையும், நேரோட்டம் நீளும். சாதாரண நிலையில் நேரோட்டம் 1 நொடி, புரளல் 0.1 நொடி என்பது பெர்க் தன் தடம் பின்பற்றும் நுண்ணோக்கியில் அளந்தது.

கட்டுரையின் இறுதியில் "கல்லூரி ஆய்வகத்தில் செய்து பாருங்கள்" என்றிருந்த பகுதியைப் படித்து யாராவது முயன்றால் தோற்றுப்போக வாய்ப்பு அதிகம். வளர்ப்பு ஊடகத்தைக் கெட்டியாக்கும் அகார் 1.5 விழுக்காடு என்று இருந்தது. அதில் இ.கோலை நீந்தாது, மேலே காலனியாகத்தான் வளரும். வேண்டியது 0.25 முதல் 0.3 விழுக்காடு. லிட்டருக்கு டிரிப்டோன் 10 கிராம், உப்பு 5 கிராம். தட்டை ஊற்றிய பின் அசைக்கக் கூடாது. கவிழ்த்தும் வைக்கக் கூடாது, அகார் சரிந்துவிடும். நடுவில் கம்பியால் குத்தி நட்டு 30 டிகிரியில் வைத்தால், சில மணி நேரத்தில் இரண்டு வளையங்கள் விரிவது தெரியும். வெளி வளையம் செரினைத் துரத்துபவை, உள் வளையம் ஆஸ்பார்ட்டேட்டைத் துரத்துபவை. டி.எஸ்.ஆர் இல்லாத வகையில் வெளி வளையம் வராது. 37 டிகிரியில் வைத்தால் ஆய்வக வகைகள் பலவற்றில் கசையிழை உற்பத்தி குறையும். ஊடகத்தில் குளுக்கோஸ் இருந்தாலும் அதேதான், அது கசையிழை மரபணுக்களையே அடக்கிவிடும். கீ-ஏ இல்லாத செல்கள் நேராக மட்டுமே நீந்துபவை. ஆனாலும் மென் அகாரில் அவை பரவுவதில்லை. முட்டுச்சந்தில் சிக்கினால் புரண்டு வெளியேற அவற்றுக்கு வழியில்லை. "நேராகப் போவது தூரம் போகும்" என்று நினைக்கும் மாணவர்கள் தவறாமல் திகைக்கும் இடம் இது.

நீர்மத்தில் நீந்துவதைப் பார்க்க விரும்பினால், செல்களை அதிவேகத்தில் சுழற்றிப் பிரிப்பதும் வோர்டெக்ஸ் என்னும் குலுக்கும் கருவியில் வைப்பதும் கசையிழைகளை முறித்துவிடும். மெதுவாகச் சுழற்றி, அகலவாய்ப் பிப்பெட்டால் மெல்லக் கலக்குங்கள். செல்களைக் கலக்க வேண்டிய நீர்மம் இது: பாஸ்பேட் 10 மில்லிமோலார், லாக்டேட் 10 மில்லிமோலார், ஈ.டி.டி.ஏ 0.1 மில்லிமோலார், பி.எச் 7, இவற்றோடு மெத்தியோனின் 1 மைக்ரோமோலார். இந்த மெத்தியோனினைப் பலர் விட்டுவிடுவார்கள். ஏற்பியில் ஏறும் மெத்தில் அதிலிருந்துதான் வருகிறது. மெத்தியோனினைத் தானே செய்துகொள்ள இயலாத ஆய்வக வகைகளில் அதை விட்டால், செல் தூண்டலை உணரும், ஆனால் பழகாது.

ஒளிர்புரதம் கோத்து ஏற்பித் திட்டைப் பார்ப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. சாதாரணப் பச்சை ஒளிர்புரதம் தன்னோடு தானே லேசாக ஒட்டும் குணம் உள்ளது. திட்டே இல்லாத இடத்தில் திட்டு காட்டும். 206-ஆம் இடத்தில் அலனினை லைசினாக மாற்றிய, ஒட்டாத வகையைப் பயன்படுத்த வேண்டும். செல்லுக்குள் தனியாக நுழைக்கும் டி.என்.ஏ வளையமான பிளாஸ்மிடிலிருந்து ஏற்பியை அளவுக்கு மீறி வெளிப்படுத்தினால் உட்சவ்வு உள்ளே மடிந்து, ஏற்பிகள் எதிரெதிரே கோத்துக்கொண்ட வேறு வகை அடுக்குகள் உண்டாகும். அவை பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும், இயல்பானவை அல்ல. கீ-டபிள்யூவை மட்டும் அதிகமாக்கினாலும் கெடும். ஏற்பியின் நுனியில் கீ-ஏவுக்கு இடமில்லாமல் அது நிரம்பிக்கொள்ளும், மூவிணைகளே கலையும். ஒளி நுண்ணோக்கியின் பிரிதிறன் 200 நானோமீட்டர் அளவு என்பதால், அதில் தெரிவது வெறும் ஒளிப்புள்ளி. 12 நானோமீட்டர் அறுகோணத்தைக் காண, செல்லைத் திரவ ஈத்தேனில் நொடியில் உறையவைத்து, எலக்ட்ரான் கற்றையின் கீழ் இரு பக்கமும் 60 டிகிரி வரை சாய்த்துச் சாய்த்துப் படமெடுத்து, முப்பரிமாணமாகக் கோக்க வேண்டும். முழு இ.கோலை இதற்குத் தடிமன் அதிகம். ஆகவே துருவத்தில் பிரிந்து பிறக்கும் குட்டிச் செல்களையோ, உள்ளிருப்பதைக் கொட்டித் தட்டையான செல்களையோ எடுக்கிறார்கள்.

திட்டுகள் எல்லாம் ஒரே அளவில் இருக்காது என்பதையும் ஓவியர் கவனிக்க வேண்டும். 2009-ல் 326 செல்களில் 11 லட்சத்துக்கு மேற்பட்ட புரத மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக இடம் குறித்த ஆய்வு உண்டு. துருவத்தில் பெரிய திட்டு, பக்கச் சுவரில் சிறியவை, இடையே தனி ஏற்பிகள் என்று எல்லா அளவும் அதில் வந்தன. சவ்வில் புதிதாக நுழையும் ஏற்பி, ஏற்கெனவே உள்ள திட்டில் போய்ச் சேரும். திட்டு தொலைவில் இருந்தால் தானே புதிய திட்டுக்கு வித்தாகும். பக்கச் சுவரில் தோன்றிய திட்டு வருங்காலப் பிளவு இடத்தில் இருந்தால், செல் பிளந்ததும் அது துருவத் திட்டு ஆகிவிடும்.

ஆகவே திருத்திய படத்துக்கு எங்கள் வேண்டுகோள்: செல் 2 மைக்ரோமீட்டர் நீளம், 1 மைக்ரோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலம். சவ்வு இரண்டு கோடு. ஒரு துருவத்தில், உட்கோட்டை ஒட்டி, 250 நானோமீட்டர் அகலத்துக்கு அடர்ந்த திட்டு. எதிர்த்துருவத்தில் அதைவிடச் சிறியது. பக்கத்தில் ஒன்றிரண்டு பொட்டுகள். திட்டின் அடியில், உட்சவ்வுக்கு இணையாக, 25 நானோமீட்டர் தள்ளி கீ-ஏ, கீ-டபிள்யூ தளம் ஒரு மெல்லிய கோடாக. ஓரத்தில் பெரிதாக்கிய கட்டம் ஒன்றில், மேலிருந்து பார்த்த 12 நானோமீட்டர் அறுகோணங்கள். கசையிழைகளைத் திட்டிலிருந்து கிளம்புவது போல வரைய வேண்டாம். அடுத்து காலரா நோய்க்கிருமியான விப்ரியோ காலரா பற்றி எழுதினால் அங்கே கசையிழை ஒரே துருவத்தில்தான், ஏற்பித் திட்டும் அதே துருவத்தில். அதற்கு இதே படத்தை மறுபடி பயன்படுத்தாமல் தனியாக வரையச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்